காலநிலை மாற்றமும் கட்சிச் சார்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவசாயிகள் கூட்டமோ கல்லூரி வகுப்போ, இந்த இரண்டு மாவட்டங்களில் எங்கே காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு கட்சிப் பக்கம் திரும்பிவிடுகிறது. யார் ஆட்சியில் ஏரி தூர்ந்தது, யார் திட்டத்தை யார் நிறுத்தினார்கள் என்று போகும். "அமெரிக்காவிலேயே பாதிப்பேர் இதை நம்பவில்லையாமே" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வெயிலுக்கும் மழைக்கும் கட்சி ஏது? இதில் அரசியல் எப்படி நுழைந்தது?

வெயிலுக்குக் கட்சி கிடையாது. ஆனால் வெயில் ஏன் கூடுகிறது, அதைக் குறைக்க எந்தத் தொழிலைக் கட்டுப்படுத்துவது, செலவை யார் தலையில் வைப்பது என்று கேட்ட உடனே அரசியல் வந்துவிடும். அதில் தப்பும் இல்லை. நிலக்கரி மின்நிலையத்தை எப்போது மூடுவது, சோலார் பம்புக்கு எவ்வளவு மானியம் என்பதையெல்லாம் கட்சிகள் சண்டை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பூமி சூடாகிறதா இல்லையா என்பது வேறு வகைக் கேள்வி. அதை அளந்து பார்த்துச் சொல்லலாம். அந்தப் பதிலையே மக்கள் தங்கள் கட்சியிடம் கேட்டு முடிவு செய்ய ஆரம்பித்தால் அங்கேதான் ஆபத்து. அமெரிக்காவில் நடந்தது அது.

அமெரிக்காவில் நிஜமாகவே கட்சி பார்த்துத்தான் நம்புகிறார்களா?

பெரும்பாலும் ஆமாம். பியூ ஆய்வு மையம் 2022-ல் எடுத்த கருத்துக்கணிப்பில், காலநிலை மாற்றம் நாட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருப்பவர்களில் 78 சதவீதம் பேர் சொன்னார்கள். குடியரசுக் கட்சிப் பக்கம் அப்படிச் சொன்னவர்கள் 23 சதவீதம்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு ஜனநாயகக் கட்சியினரிடம் இது 58 சதவீதமாக இருந்தது, அங்கே இருபது புள்ளி ஏறியிருக்கிறது. குடியரசுக் கட்சியினரிடம் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. அதே பத்தாண்டில் புயலும் காட்டுத்தீயும் இரண்டு தரப்பு வீடுகளையும்தான் அழித்தன. கண்ணால் பார்த்தாலே மக்கள் மனம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

"பாதிப்பேர் நம்பவில்லை" என்பது மட்டும் சரியில்லை. மொத்த அமெரிக்கர்களை எடுத்தால், பூமி சூடாகிறது என்று ஒப்புக்கொள்கிறவர்கள்தான் தெளிவான பெரும்பான்மை. குடியரசுக் கட்சிக்குள்ளேயும் இளைஞர்கள் பெரியவர்களைவிட அதிகமாகவே இதைக் கவனிக்கிறார்கள்.

ஆரம்பத்திலிருந்தே அங்கே இப்படித்தானா?

இல்லை. இந்தக் கதையை நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970-ல் உருவாக்கியவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். 1988 ஜூன் மாதம், வாட்டும் கோடையில், நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் செனட் குழு முன்னால் வந்து புவி வெப்பமாதல் தொடங்கிவிட்டது என்று சாட்சியம் சொன்னார். அதே ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சியின் மூத்த புஷ், பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் விளைவுக்கு எதிராக வெள்ளை மாளிகையின் பலத்தைக் காட்டுவேன் என்று பிரச்சாரம் செய்தார். 1992-ல் ரியோ மாநாட்டில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். 2003-ல் கார்பன் உமிழ்வுக்கு வரம்பு வைக்கும் மசோதாவைச் செனட்டில் கொண்டுவந்த இருவரில் ஒருவர் ஜான் மெக்கெய்ன். அவரும் குடியரசுக் கட்சி. 2008-ல் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் ஒரே சோபாவில் உட்கார்ந்து "இந்த விஷயத்தில் நாங்கள் ஒன்று" என்று விளம்பரத்தில் நடித்தார்கள்.

இத்தனையும் இருந்தும் அடுத்த சில ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது.

அப்புறம் எப்படிப் பிரிந்தது?

முதல் கீறல் 1997-ல் விழுந்தது. உமிழ்வைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட கியோட்டோ ஒப்பந்தம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, இந்தியா, சீனா போன்ற நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அமெரிக்கா சேரக்கூடாது என்று செனட்டில் ஒரு தீர்மானம் 95-க்கு 0 என்ற கணக்கில் நிறைவேறியது. அப்போது இரண்டு கட்சிகளும் ஒரே பக்கம்தான் இருந்தன. 2001-ல் இளைய புஷ் கியோட்டோவைக் கைவிட்டார். 2002-ல் குடியரசுக் கட்சியின் பிரச்சார ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ் எழுதிய குறிப்பு ஒன்று பின்னால் வெளியே வந்தது. விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்ற எண்ணத்தை மக்களிடம் அணையாமல் வைத்திருங்கள் என்பது அதன் சாரம். அதே லன்ட்ஸ் 2019-ல் செனட் குழு முன்னால் தான் அப்போது சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். நடுவில் பதினேழு ஆண்டுகள் போய்விட்டன.

எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களின் பணமும் இதில் சேர்ந்தது. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் கடைசியிலேயே பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே அமைந்தது என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. உள்ளே அப்படித் தெரிந்திருந்தும், வெளியே அந்த நிறுவனம் பல ஆண்டுகள் சந்தேகத்தைத்தான் பரப்பியது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அந்தத் தாமதத்துக்கான விலையைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையும் கொடுக்கிறது.

திருப்பம் 2009, 2010-ல் வந்தது. ஒபாமா ஆட்சியில் கார்பன் வரம்பு மசோதா கீழவையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்தது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் வெறும் 8 பேர். செனட்டில் அது ஓட்டெடுப்புக்கே வராமல் செத்துப்போனது. தென் கரோலினாவில் பாப் இங்லிஸ் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் இருந்தார், பழுத்த பழமைவாதி. அவர் மகன் எடுத்துச் சொன்னதும், அண்டார்டிகாவுக்கு நேரில் போய்ப் பனிப்பாளத்தைப் பார்த்ததும் அவர் மனதை மாற்றின. அந்த மசோதாவை அவர் எதிர்த்தவர்தான், ஆனாலும் காலநிலை மாற்றம் உண்மை, கார்பனுக்கு வரி போடுவோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2010 உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைப் படுதோல்வி அடையச் செய்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தலைவர்கள் பேசாமல் போனதும் தொண்டர்களும் அதே பக்கம் சாய்ந்தார்கள். 2017-ல் டிரம்ப் உலக நாடுகளின் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, 2021-ல் பைடன் திரும்பச் சேர்ந்தது, 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டது எல்லாம் இந்தப் பிளவின் அறுவடை.

படித்தவர்கள் இப்படிக் கட்சி பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆய்வு எதிர்மாறாகச் சொல்கிறது. டான் கஹான் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் தெரிந்தவர்களிடையே, கணக்கு நன்றாக வருகிறவர்களிடையே பிளவு குறையவில்லை, அதிகமாக இருந்தது. கெட்டிக்காரன் தன் கூட்டத்தின் கருத்தைக் காப்பாற்ற நல்ல வாதம் தேடுவதிலும் கெட்டிக்காரனாக இருக்கிறான். தன் ஊரில், தன் உறவில், தன் கட்சியில் எல்லோரும் ஒன்று சொல்லும்போது அதற்கு மாறாகப் பேசினால் அவனுக்கு நஷ்டம் உடனே வரும். காலநிலையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் வரும் நஷ்டமோ எல்லோருக்கும் சேர்த்து, தள்ளித்தான் வரும். அதனால் பாடம் நடத்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

விஞ்ஞானிகளே ரெண்டாகப் பிரிந்திருக்கிறார்களா?

இல்லை. மனிதச் செயல்பாடு பூமியைச் சூடாக்கியிருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் எழுதிவிட்டது. எவ்வளவு வேகத்தில், எந்த ஊரில் எப்படி என்பதில்தான் ஆராய்ச்சி நடக்கிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டனில் பழமைவாதக் கட்சியின் மார்கரெட் தாட்சர் 1989-லேயே ஐ.நா. சபையில் இதைப் பற்றி எச்சரித்தார். 2008-ல் வந்த காலநிலைச் சட்டத்தை எதிர்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒற்றுமையும் நிரந்தரம் இல்லை. 2025-ல் அதே பழமைவாதக் கட்சியின் தலைவர் அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் ஓர் அரசு 2012-ல் கார்பன் விலையைக் கொண்டுவர, அடுத்து வந்த அரசு 2014-ல் அதைத் தூக்கி எறிந்தது.

நம் நாட்டில் கட்சிக்குக் கட்சி இப்படிப் பிளவு உண்டா?

அறிவியல் உண்மையா என்பதில் இல்லை. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம், ஆனால் இது பெரிய கொடுப்பினை. 2008-ல் மன்மோகன் சிங் அரசு தேசிய காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் கீழ் வந்த சூரிய மின் இயக்கத்தின் இலக்கு 2022-க்குள் 20,000 மெகாவாட். அடுத்து வந்த மோடி அரசு அதைத் தூக்கிப் போடவில்லை, 2015-ல் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தியது. 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் அறிவித்தபோது, காலநிலை மாற்றமே பொய் என்று எந்தப் பெரிய எதிர்க்கட்சியும் சொல்லவில்லை.

சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை வந்தபோது தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. தொழிலுக்கு அனுமதி எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும், மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமா, வரைவைத் தமிழில் தர வேண்டாமா என்பதெல்லாம் அதில் வந்தன. அது போட வேண்டிய சண்டைதான்.

மக்கள் பக்கம் பார்த்தால் நம் சிக்கல் வேறு மாதிரி. யேல் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட இந்தியக் கணக்கெடுப்பில், புவி வெப்பமாதலைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று 54 சதவீதம் பேர் சொன்னார்கள். அது என்ன என்று சுருக்கமாக விளக்கியதும், நடப்பது உண்மைதான் என்று 84 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் தெரிந்தும் மறுக்கிறார்கள். இங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ்நாட்டில் அ.தி.மு.க., தி.மு.க. இரண்டில் எது இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே அவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது ஜெயலலிதா ஆட்சி, சூரிய மின்கொள்கை கொண்டுவந்ததும் 2012-ல் அவர் ஆட்சிதான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது எடப்பாடி பழனிசாமி அரசு. 2021-ல் ஸ்டாலின் அரசு வந்ததும் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றத்தைச் சேர்த்தது, மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது, 2022-ல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மழைநீர்த் தொட்டியைத் தி.மு.க. இடிக்கச் சொல்லவில்லை, பிளாஸ்டிக் தடையையும் விலக்கவில்லை. ஒருவர் போட்டதன் மேல் இன்னொருவர் கட்டியிருக்கிறார். அமலாக்கம் இரண்டு ஆட்சியிலும் பலவீனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சந்தையில் பிளாஸ்டிக் பை இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

2024-ல் தருமபுரியில் பசுமைத் தாயகத்தின் தலைவரே வேட்பாளராக நின்றாரே? அப்போது காலநிலைதானே தேர்தல் பிரச்சினையாக இருந்திருக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பா.ம.க.வின் சுற்றுச்சூழல் அமைப்பு பசுமைத் தாயகம். அப்போது அதன் தலைவராக இருந்த சௌமியா அன்புமணி 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே போட்டியிட்டு, தி.மு.க.வின் ஆ. மணியிடம் சுமார் 21 ஆயிரம் ஓட்டில் தோற்றார். இந்தியாவில் ஒரு தொகுதியில் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர் வெற்றிக்கு இவ்வளவு அருகில் வந்தது அபூர்வம். ஆனால் அந்த முடிவைக் காலநிலைக்கு விழுந்த ஓட்டாகவோ அதற்கு எதிராக விழுந்த ஓட்டாகவோ படிக்க முடியாது. சாதி, கூட்டணி, மாநில அரசின் நலத்திட்டங்கள், மத்திய ஆட்சி மேல் இருந்த கருத்து எல்லாம் சேர்ந்தே ஓட்டு விழுந்தது.

பிரச்சாரத்தில் பெரிதாகப் பேசப்பட்டது காவிரி உபரிநீர்த் திட்டம். ஒகேனக்கல்லில் வெள்ளமாக வீணாகும் நீரை இறைத்து தருமபுரி ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது கோரிக்கை. அன்புமணி ராமதாஸ் 2022-ல் இதற்காகவே நடைபயணம் போனார். இந்தத் திட்டம் வேண்டாம் என்று எந்தக் கட்சிக்காரரும் இங்கே சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி காலநிலைக் கேள்விதான், அதை மேடையில் யாரும் கேட்பதில்லை என்பது என் ஆதங்கம். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒகேனக்கல்லில் வெள்ளம் கரைபுரண்டது, பரிசலை நிறுத்தினார்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்க வேண்டி வந்தது. 2023-ல் கர்நாடகத்தில் மழை குறைந்து காவிரியில் தண்ணீர் இல்லை. ஆக, உபரி வரும் நாட்கள் சில ஆண்டுகளில் மொத்தமாகக் குவியும், சில ஆண்டுகளில் வரவே வராது. அந்தச் சில நாட்களுக்குள் எவ்வளவு நீரை இறைக்க முடியும், மோட்டார் எவ்வளவு பெரிதாக வேண்டும், ஏரிகளின் கொள்ளளவு போதுமா, இன்னும் முப்பது ஆண்டில் இந்த ஏற்ற இறக்கம் எப்படி மாறும்? இதற்குப் பதில் சொல்லும் கட்சிக்குத்தான் திட்டத்தின் மேல் அக்கறை இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மறுப்பவர்களே இல்லை என்றால் நமக்கு என்ன பிரச்சினை?

நம் பிளவு பெருமையைப் பங்குபோடுவதிலும் பழியைத் தள்ளுவதிலும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை குறையக் குறைய போர்வெல் ஆழமாகப் போகிறது, ஆழத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு வருகிறது, பிள்ளைகளின் பல் கறையாகிறது, பெரியவர்களின் மூட்டு வளைகிறது. அதைத் தீர்க்க வந்த திட்டத்துக்கு 2008-ல் கருணாநிதி ஆட்சியில் அடிக்கல் நாட்டப்பட்டது, 2013-ல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இன்றும் டீக்கடையில் நடக்கும் வாக்குவாதம் அது யார் திட்டம் என்பதுதான். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று பேச்சு போவது குறைவு.

பழியும் இதே வழிதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இங்கே ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரியே சுமார் 85 சென்டிமீட்டர்தான். நிறுத்தி வைத்திருந்த வண்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த சில நாட்கள், சாத்தனூர் அணையை எச்சரிக்கை இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகளும், முறைப்படி எச்சரித்தோம் என்று அரசும் மோதிக்கொண்டன. அது கேட்க வேண்டிய கேள்விதான், கீழே உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் வானம் இப்படிக் கொட்டுவது இனி எத்தனை முறை நடக்கும், ஊத்தங்கரையின் வடிகாலும் ஏரிக்கரையும் அதைத் தாங்குமா என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

ஊத்தங்கரை மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா?

ஒரு தனி மழையை எடுத்து "இதுதான் காரணம்" என்று முத்திரை குத்துவது சரியான பேச்சில்லை. புயல் எப்போதும் வந்திருக்கிறது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். கடலும் சூடாகியிருக்கிறது. அதனால் கொட்டும்போது அதிகமாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது. இவ்வளவு சொன்னால் போதும். மிகைப்படுத்தினால் அடுத்த கட்சிக்காரர் அதையே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடுவார்.

புகையை விட்டவன் வெள்ளைக்காரன். நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

முதல் பாதி சரி. இன்றும் ஓர் அமெரிக்கர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு ஓர் இந்தியர் வெளியிடுவதைப்போல ஏழு மடங்கு அளவுக்கு இருக்கிறது. பணக்கார நாடுகள் முதலில் குறைக்க வேண்டும், நமக்குப் பணமும் தொழில்நுட்பமும் தர வேண்டும் என்பதில் தில்லியில் எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரே குரல்தான். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் நியாயம் கேட்பது ஒன்று, தயாராக இருப்பது இன்னொன்று. நியாயம் கிடைக்கும்வரை மாம்பூ காத்திருக்காது. 2024 கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பிஞ்சு உதிர்ந்து மகசூல் சரிந்தது. தென்னைக்கும் மாவுக்கும் டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

மின்சார வண்டி, சோலார் இதெல்லாம் ஒரு கட்சியின் விஷயமா?

அமெரிக்காவில் பேச்சில் அப்படி ஆகிவிட்டது, நடப்பில் இல்லை. காற்றாலை மின்சாரத்தில் முதலிடம் டெக்சாஸுக்கு, அது குடியரசுக் கட்சியின் கோட்டை. 2022-ல் பைடன் கொண்டுவந்த பெரிய காலநிலைச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை, ஆனால் அதனால் வந்த தொழிற்சாலைகளில் பெரும்பகுதி அவர்கள் தொகுதிகளுக்குத்தான் போனது.

நம் பக்கத்துக் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்தன. ஒப்பந்தம் போட்டது அ.தி.மு.க. ஆட்சியில். ஓலாவில் உற்பத்தி தொடங்கியது தி.மு.க. ஆட்சியில். மின்வாகனக் கொள்கையும் 2019-ல் ஒருவர் கொண்டுவந்து 2023-ல் இன்னொருவர் திருத்தியதுதான். தருமபுரியில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். குறைந்த தண்ணீரில் விளையும் ராகிக்கும் சாமைக்கும் சந்தை கிடைப்பது காலநிலைக்கு ஏற்ற வேலைதான், அதற்கு அந்தப் பெயரை யாரும் வைக்காவிட்டாலும்.

வாட்ஸ்அப்பில் "காலநிலை மாற்றம் ஒரு சதி" என்று வீடியோ வருகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு, தமிழில் குரல் மட்டும் மாறியிருக்கும். அனுப்பியவரைக் குழுவில் எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டாதீர்கள், அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். தனியாகப் பேசுங்கள்.

கட்சியில் ஊறிப்போன மாமாவிடமோ பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமோ இதை எப்படிப் பேசுவது?

அவருக்குத் தெரிந்ததில் இருந்து தொடங்குங்கள். "உங்க சின்ன வயசுல கிணத்துல தண்ணி எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு? இப்ப போர் எத்தனை அடி? ஆடிப்பட்டத்து விதைப்பு எந்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கு?" என்று கேட்டால் அவரே சொல்லிக்கொண்டு போவார். கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் வந்தால் பேச்சைத் தோட்டத்துக்கே திருப்புங்கள். முடிந்தால் அவர் கட்சி இந்த விஷயத்தில் செய்த நல்லதை நீங்களே முதலில் சொல்லுங்கள். மேலே பார்த்தபடி, எந்தப் பெரிய கட்சியை எடுத்தாலும் சொல்வதற்கு ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் தன் கட்சியைக் காப்பாற்ற வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போகிறது, பேச்சு நகர்கிறது.

பேசாமல் இருப்பதிலும் நஷ்டம் உண்டு. அமெரிக்காவில் 2022-ல் வந்த ஓர் ஆய்வில், காலநிலைக் கொள்கைகளை உண்மையில் 66 முதல் 80 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் ஆதரவு எவ்வளவு இருக்கும் என்று மக்கள் போட்ட கணக்கு 37 முதல் 43 சதவீதம்தான். அடுத்தவருக்கு இதில் அக்கறை இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்கலாம்?

ஒரே கேள்வியை எல்லாக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள், உங்கள் கட்சிக்காரரையும் விடாதீர்கள். கேள்வி உள்ளூரில் கால் ஊன்றியிருக்க வேண்டும். எங்கள் ஏரிக்கு வரும் நீர்வரத்துக் கால்வாயில் எத்தனை இடத்தில் ஆக்கிரமிப்பு, எப்போது எடுப்பீர்கள்? ஊத்தங்கரை, அரூர் மாதிரி இடங்களில் 50 சென்டிமீட்டர் மழை மறுபடி வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? வெயிலில் மாம்பிஞ்சு கொட்டினால் இழப்பீட்டை யார், எந்த அளவீட்டில் கணக்கிடுவார்கள்? 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதன்படி நிவாரணம் வாங்க நம் அரசு மருத்துவமனையில் என்ன சான்று தருவார்கள்?

பதிலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்ததும் அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் சபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று. ஏரியும் கால்வாயும் பேச அதுதான் தோதான நாள், கோடைக்குள் வேலையையும் தொடங்க முடியும். கட்சி பேதம் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். கையெழுத்துப் போடும் முன்பு தீர்மானத்தின் வாசகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.